முயல், காடை, வாத்து, வான்கோழி: பெங்களூரில் வாங்கிச் சமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், நீலசந்திரா, ஸ்ரீராமபுரம் என்று நம்ம ஆட்கள் இருக்கிற இடத்திலிருந்தெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. ஆடும் கோழியும் எல்லாருக்கும் கைவந்தது, அதனால் அதைத் தொடவில்லை. முயலைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதிகம் கெடுப்பதும் அதைத்தான்.

முயல் கறி சாப்பிடலாமா? தடை என்று யாரோ சொன்னார்களே?

பண்ணை முயல் தாராளமாகச் சாப்பிடலாம். காட்டு முயல் கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு பிராணி. கூண்டில் வளர்வது ஐரோப்பிய முயலின் வழி வந்தது. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட், கிரே ஜெயன்ட் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதெல்லாம் அதில் உள்ள ரகங்கள். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தெற்கு மண்டல மையமே முயல் வளர்க்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சிக்கான பிராணிகளின் பட்டியலில் இடையில் ஒரு காலம் முயல் பெயர் இல்லாமல் பண்ணைக்காரர்கள் அல்லாடினார்கள், அப்போது கிளம்பிய பேச்சுதான் இன்னும் ‘தடை’ என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது வீட்டு முயல் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

காட்டு முயல் மண் நிறத்தில், நீளக் காலோடு, பின்கழுத்தில் கறுப்புத் திட்டோடு இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம், மூன்று வருடம் வரை உள்ளே தள்ளலாம். கனகபுரா பக்கம் தோட்டத்தில் மாட்டியது, நாட்டு முயல், ருசி தனி என்று யாராவது பையில் போட்டுக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கௌதாரிக்கும் இதே கதைதான். உடும்புக்குச் சட்டம் இன்னும் கடுமை. ‘மூட்டு வலிக்கு நல்லது’ என்று பெரியவர்கள் சொன்னாலும் அந்த வைத்தியத்தை விட்டுவிடுங்கள்.

பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

காடை, வாத்து, வான்கோழி என்றால் சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டும் அதைச் சுற்றி உள்ள கடைகளும்தான் முதல் இடம், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வான்கோழியும் வாத்தும் அங்கே நிறையவே வரும். முயலை அப்படிப் போனவுடன் வாங்க முடியாது. உங்கள் வழக்கமான கறிக்கடை பாயிடமோ அண்ணனிடமோ இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்லி வைத்தால் பண்ணையிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார்கள். கன்னடக்காரர் கடை என்றால் ‘மொல’ என்று கேளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் சுலபம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். செல்லப்பிராணிக் கடையில் விற்கிற குட்டி முயலை வாங்கிக் கறி போடாதீர்கள். அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கறியும் தேறாது.

உயிர் எடைக்கு வாங்குவதா, கறி எடைக்கு வாங்குவதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முயலில் தோல், தலை, குடல், பாதம் எல்லாம் போக உயிர் எடையில் பாதிதான் கறி, கொஞ்சம் கூட இருக்கலாம். இரண்டு கிலோ முயல் வாங்கினால் ஒரு கிலோ சொச்சம் கறி வரும். உயிர் எடை விலை மலிவாகத் தெரிந்தாலும் அதை இரட்டிப்பாக்கித்தான் மட்டன் விலையோடு ஒப்பிட வேண்டும். ஒரு முயல் நான்கைந்து பேருக்குக் குழம்பாக வரும், வறுவல் என்றால் மூன்று பேருக்கே பத்தாது.

வயது பார்த்து வாங்குங்கள். மூன்று மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் இருக்கிற, இரண்டு இரண்டரைக் கிலோ முயல்தான் நல்லது. இளசு என்றால் காது மெல்லிசாக, மடக்கினால் வளையும், நகம் சின்னதாகக் கூர்மையாக இருக்கும். குட்டி போட்டு ஓய்ந்த தாய் முயலைத்தான் பண்ணையில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். நகம் நீண்டு தடித்துச் சொரசொரவென்று இருந்தால் அது கிழடு, சூப்புக்குத்தான் ஆகும்.

முயல்தான் என்று எப்படி நம்புவது? பூனையைக் கொடுத்துவிட்டால்?

சிரிப்பாக இருந்தாலும் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. வழி சுலபம்: ஒரு பின்னங்காலைப் பாதத்தோடு, மயிரோடு விட்டு வைக்கச் சொல்லுங்கள். முயலின் அடிப்பாதம் முழுக்க மயிர் மூடியிருக்கும், பூனைக்கு இருப்பது போல மெத்தை மெத்தையான தசை இருக்காது. தலையும் இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். முயலுக்குக் கோரைப் பல் கிடையாது. முன்னால் இரண்டு நீளப் பல், அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல இன்னும் இரண்டு சின்னப் பல். பூனைக்குக் கோரைப் பல் பளிச்சென்று தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். 2024 ஜூலையில் ஜெய்ப்பூரிலிருந்து ரயிலில் மெஜஸ்டிக் ஸ்டேஷனுக்கு வந்த கறிப் பெட்டிகளை நாய்க்கறி என்று சொல்லி ஊரே பதறியது, பிரியாணிக் கடைக்காரர்கள் பாவம் வியாபாரம் படுத்துத் தவித்தார்கள். கடைசியில் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தபோது அது ஆட்டுக்கறிதான் என்று வந்தது.

கறி வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே அடுப்பில் ஏற்றாதீர்கள். எந்தப் பிராணியாக இருந்தாலும் வெட்டிச் சில மணி நேரத்தில் தசை இறுகிக்கொள்ளும், அந்த நேரத்தில் சமைத்தால் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். கழுவி, நீர் வடித்து, கொஞ்சம் உப்பும் மஞ்சளும் தடவி, மூடி போட்டு ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கழுவும்போது பொறுமை வேண்டும். முயல் மயிர் பஞ்சுபோல மெல்லிசு, கறியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, விரலால் வழித்து எடுக்க வேண்டும். முதுகுக் கறியின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு இருக்கும், கத்தி முனையை அடியில் விட்டு உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேகும்போது சுருங்கிக் கறியை இறுக்கிவிடும். சிறுநீரகத்தைச் சுற்றியும் தோள்பட்டையிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும், வெடுக்கு வாடை பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது, எடுத்துவிடுங்கள்.

ஈரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்கும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புள்ளி புள்ளியாக இருந்தால் முயலுக்கு வருகிற காக்சிடியா நோய், அந்த ஈரலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்ல ஈரலாக இருந்தால் பச்சைப் பித்தப்பையை உடைக்காமல் அறுத்து எடுத்துவிட்டு, மிளகும் உப்பும் போட்டு நெய்யில் இரண்டு புரட்டுப் புரட்டுங்கள். முழு முயலிலும் ருசியான துண்டு அதுதான், சமைக்கிறவர்தான் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

கோழி மாதிரிதானே? கோழிக் குழம்பு மசாலாவே போதாதா?

நிறமும் ருசியும் கோழிப் பக்கம்தான், லேசான தித்திப்பு கூட இருக்கும். ஆனால் கறியின் சுபாவம் வேறு. பிராய்லர் கோழியில் தோலும் கொழுப்பும் உண்டு, அது உருகிக் கறியைக் காப்பாற்றும். முயலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காய்ந்த கறி. அதிகத் தீயில் வறுத்தால் நார் நாராகி வாயில் சவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் இரண்டு விஷயம்: வெளியிலிருந்து கொழுப்பு கொடுக்க வேண்டும், ஈரத்தோடு மெதுவாக வேகவிட வேண்டும். நல்லெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்றுங்கள். கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி ஆட்டுக் கொழுப்பு சும்மாவே தருவார்கள், அதைப் பொடியாக நறுக்கித் தாளிப்பில் போட்டு உருக்கிவிட்டால் குழம்பே மாறிவிடும்.

மசாலாவில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் அள்ளிப் போட்டால் முயல் எங்கே என்று தேட வேண்டும். மிளகு, சோம்பு, மல்லி, சின்ன வெங்காயம், பூண்டு. இவை போதும்.

சரி, குழம்பு எப்படி வைப்பது?

ஒரு கிலோ கறிக்குச் சொல்கிறேன். பின்னங்கால் இரண்டையும் மூட்டில் பிரித்து இரண்டு இரண்டாக, முதுகை மூன்று நான்காக, முன்னங்காலை அப்படியே விடச் சொல்லுங்கள். சின்னச் சின்னதாகக் கொத்த விடாதீர்கள், முயல் எலும்பு மெல்லிசு, கத்தி பட்டால் ஊசி ஊசியாகச் சிதறும், சோற்றில் கலந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து.

இரண்டு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சோம்பு, மூன்று ஸ்பூன் மல்லி, நாலைந்து காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்துக்கொள்ளுங்கள். கால் மூடித் தேங்காயையும் பத்துச் சின்ன வெங்காயத்தையும் எண்ணெயில் வதக்கி எல்லாவற்றையும் சேர்த்து அம்மியில் அரைப்பது போல மைய அரையுங்கள். குக்கரில் நல்லெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ, ஒரு முழுப் பூண்டு, ஒரு தக்காளி. தக்காளி கரைந்ததும் கறியைப் போட்டு மூடாமல் ஐந்தாறு நிமிடம் பிரட்டுங்கள். கறி விடுகிற தண்ணீர் சுண்டி வரும்போது மசாலாவை ஊற்றி, கறி மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர் விட்டு, சின்னத் தீயில் மூன்று விசில். கிழட்டு முயல் என்றால் ஆறு ஏழு கூட ஆகலாம். ஆவி தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கி விடாதீர்கள். திறந்து, மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்.

இதற்குச் சோற்றைவிடக் களிதான் பொருத்தம். கன்னடக்காரர்கள் முத்தேக்கு, அதாவது ராகிக் களி உருண்டைக்கு, முயல் சாறு ஊற்றிச் சாப்பிடுவது சும்மா இல்லை.

வறுவல் வேண்டுமென்றால் முதலில் உப்பு மஞ்சள் போட்டு இரண்டு விசில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் சட்டியில் ஊற்றிச் சுண்டவிட்டு, கடைசியில் இடித்த மிளகு போட்டுப் பிரட்டுங்கள். பப்பாளிக்காய் தடவுவதாக இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கறி கூழாகிவிடும். தயிர் பரவாயில்லை.

பிரியாணி?

போடலாம். கறியை முக்கால் பதம் தனியாக வேகவைத்த பிறகுதான் அரிசியோடு சேர்க்க வேண்டும். சீரகச் சம்பா. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பிரியாணிக்குக் காடையே மேல்.

முயல் உடம்புக்கு நல்லதாமே? கொழுப்பே இல்லையாமே? ரத்தம் தடவினால் முடி வளருமாமே?

புரதம் நிறைய, கொழுப்பு குறைவு, இது உண்மை. ஆனால் மேலே சொன்ன மாதிரி எண்ணெயும் ஆட்டுக் கொழுப்பும் நாம்தான் ஊற்றுகிறோம், அதையும் கணக்கில் எடுங்கள். வெறும் முயல் கறியை மட்டுமே வாரக்கணக்கில் தின்றால் உடம்பு கெடும், குளிர்தேசத்தில் காட்டில் அலைந்தவர்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. கொழுப்பும் மாவுச்சத்தும் இல்லாமல் புரதம் மட்டும் உள்ளே போனால் ஈரலுக்குத் தாங்காது. சோறும் களியும் சாப்பிடுகிற நமக்கு அந்தக் கவலை இல்லை.

ரத்த எண்ணெய் பற்றி: முயல் ரத்தம் கலந்த எண்ணெய் என்று பாட்டிலில் விற்கிறார்கள், முடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரத்தம் காய்ச்சிய எண்ணெயைத் தலையில் தடவினால் மயிர்க்கால் முளைக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்தக் காசுக்கு இன்னொரு முயல் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

முஸ்லிம் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடலாமா?

சுன்னி பிரிவினர் முறைப்படி அறுத்த முயலைச் சாப்பிடுவார்கள், ஷியா பிரிவில் முயல் கூடாது. கேட்டுவிட்டுச் சமையுங்கள். ஏதோ கறி என்று சொல்லிப் பரிமாறுவது யாருக்குமே செய்யக்கூடாத காரியம்.

காடை சமைப்பதில் என்ன சூட்சுமம்?

காடை சின்னது, அவ்வளவுதான் சூட்சுமம். சுத்தம் செய்த பின் ஒன்று 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை, ஐந்தாறு வாரத்திலேயே கறிக்கு வந்துவிடும், அதனால் எப்போதுமே இளசு. குக்கர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதுகைப் பிளந்து விரித்து, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை தடவி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, இரும்புத் தோசைக்கல்லில் மார்பு கீழாக ஏழெட்டு நிமிடம், திருப்பி ஐந்து நிமிடம், மேலே ஒரு மூடி. தொடை மூட்டில் குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும். தலைக்கு இரண்டு வைத்தால்தான் வந்தவர்கள் மனம் குளிரும்.

பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் காடையையும் சேர்த்து பயப்படுகிறார்கள். 2025 தொடக்கத்தில் சிக்கபல்லாப்பூர் பக்கம் வந்தபோது எல்லாரும் கோழியை விட்டு மீனுக்கு ஓடினார்கள். நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி பிழைக்காது. பச்சைக் கறியைக் கையாளும்போதுதான் கவனம், அதே பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள்.

வாத்து வாடை அடிக்கிறதே?

வாத்து முயலுக்கு நேர் எதிர். தோலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை. அதில் எண்ணெய் ஊற்றிச் சமைத்தால் வாடையும் அடிக்கும், வயிற்றையும் புரட்டும். வால் நுனியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள், பாதி வாடை அதோடு போய்விடும். தோலில் கத்தியால் கோடு போட்டு, வெறும் சட்டியில் தோல் பக்கம் கீழாக வைத்துச் சின்னத் தீயில் விட்டால் கொழுப்பு தானாக உருகி வரும். அதை வடித்து வைத்துக்கொண்டு அதிலேயே உருளைக்கிழங்கு வறுங்கள், காக்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டிகளுக்கு இந்த வித்தை அத்துப்படி.

வான்கோழி, ஈமு, பன்றி?

வான்கோழி முழுசாக வாங்கினால் கூட்டுக் குடும்பம் வேண்டும், இல்லையென்றால் மார்பை வறுவலுக்கும் காலைக் குழம்புக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மார்பு காய்ந்த கறி, முயலுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். ஈமு இப்போது கிடைப்பதே அபூர்வம், 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பில் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்த பிறகு அந்தப் பறவையின் பெயரைச் சொன்னாலே ஈரோட்டுக்காரர்களுக்கு முகம் மாறும். கறி சிவப்பாக, மாட்டுக்கறி சாயலில் இருக்கும். வெண்பன்றிக்கு குடகுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை, கச்சம்புளி என்கிற கறுப்புப் புளிச்சாறு விட்டு வைக்கிற பந்திக் கறியை (பந்தி என்றால் அவர்கள் பேச்சில் பன்றி) அவர்கள் கையால் சாப்பிட்டுப் பாருங்கள். நாடாப்புழு பயம் இருப்பதால் பன்றியை மட்டும் நடுவில் சிவப்பு தெரியாமல் முழுக்க வேகவிட வேண்டும்.

மழைக்காலத்தில் தோட்டத்தில் பெரிய பெரிய நத்தை வருகிறதே, ஊரில் நத்தை சாப்பிடுவோமே?

தொடாதீர்கள். அது வயல் நத்தை இல்லை, ஆப்பிரிக்க ராட்சச நத்தை. மூளைக்குப் போகிற ஒரு புழு அதில் இருக்கலாம். குழந்தைகளையும் கையால் எடுக்க விடாதீர்கள், எடுத்தால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

விருந்துக்கு நாள் குறித்துவிட்டோம், கடை மூடியிருந்தால்?

மகாவீர் ஜெயந்தி, ராம நவமி, சிவராத்திரி, பிள்ளையார் சதுர்த்தி, காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் மாநகராட்சி கறிக்கடைகளை மூடச் சொல்லும். முந்தின நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், முயலுக்கு அது நல்லதும்கூட. எலஹங்கா பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. விமானக் கண்காட்சி நடக்கிற வருடங்களில் விமானப்படைத் தளத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று வாரம் கறி விற்பனையே கிடையாது. கறிக் கழிவைத் தேடி வருகிற பருந்து விமானத்தில் மோதிவிடும் என்பதுதான் காரணம்.

வீட்டு ஓனர் சைவம். என்ன செய்ய?

வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் வேறு வழியில்லை, நண்பர் வீட்டில் சமையுங்கள். அப்படி எதுவும் இல்லை, வாடைதான் பிரச்சினை என்றால் முயல் பரவாயில்லை, மட்டன் அளவுக்கு வீடு முழுக்க மணக்காது. வாத்தை மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

குழந்தைகள் முயலைப் பார்த்தால் அழுகிறார்களே?

உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு நாள் ராத்திரி பால்கனியில் வைத்தாலே பெயர் வைத்துவிடுவார்கள், அப்புறம் உங்களுக்குக் கறியும் இல்லை, பத்து வருடம் கேரட்டும் கீரையும் வாங்கிப் போட வேண்டியதுதான். கடையிலேயே வெட்டி வாங்குங்கள், மாநகராட்சி எல்லைக்குள் வீட்டில் அறுப்பதை விதியும் அனுமதிக்காது. பிள்ளை கேட்டால் முயல் என்றே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு முட்டை.

மிச்சக் குழம்பு எத்தனை நாள் தாங்கும்?

ஃபிரிட்ஜில் இரண்டு நாள். மறுநாள் காலையில் கறியை எலும்பிலிருந்து பிய்த்து, குழம்பை வற்றவைத்து, கல்தோசைக்கு வைத்துப் பாருங்கள். சூடு பண்ணும்போது ஒரு கரண்டி தண்ணீர் சேருங்கள், அப்படியே காய்ச்சினால் கறி திரும்பவும் இறுகிவிடும்.